நாலு இருபது

களுவாஞ்சிகுடி பிரதான வீதி,
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மூன்று மணிக்குப் படியேறி வந்தார் வில்வராணி,
மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் புதிய தலைவர்.
காரியாலயச் சுவரில் மாட்ட ஒரு படம் வேணுமாம்.
ஏற்கெனவே அங்கே பதினொரு பேர் தொங்குகிறார்கள்.
பதினொருவரும் ஆண்கள்,
பதினொருவரும் கமராவுக்குச் சற்று மேலே,
கடன் கேட்டு வந்தவனைக் காணாதது போலப்
பார்த்துக்கொண்டு.

"என்ட படம் ஆளைப் பார்க்கோணும், தங்கச்சி.
ரெண்டு கண்ணாலயும்."

சொல்லிவிட்டு இடக்கண்ணை நகத்தால் தட்டிக் காட்டினார்.
டிக்.
கொழும்பில் செய்தது.
எப்படிப் போனதென்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம்
உயிருள்ள கண்களுக்கானவை:
நாடியைக் கொஞ்சம் இறக்கு, நெற்றி முன்னால் வரட்டும்,
கீழிமையை மட்டும் சுருக்கு,
வெயிலுக்குள் தோணி தேடுவது போல.
கருவிழியின் மேல்விளிம்பில் ஒரு பொட்டு மினுக்கம்,
பத்து மணிக்கு முள் நிற்கும் இடத்தில்.
அது இல்லாவிட்டால்
எந்தக் கண்ணும் ஐஸில் கிடந்த மீனின் கண்.

கடல்பக்க ஜன்னலைத் திறந்தேன்.
வெயில் வாவிப் பக்கம் சாய்ந்துவிட்டதால்
வந்தது வெளிச்சம் மட்டும், சூடில்லை.
கண்ணுக்கடியில் நிழல் தேங்காதிருக்க
மடியில் ஒரு ரெஜிபோம் மூடி,
எத்தனை தரம் கழுவியும் சூடைமீன் மணம் போகாத மூடி.
"இது எங்கட சங்கத்துப் பெட்டியெல்லோ?"
நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்
வலக்கண்ணின் பாவை கடுகு,
இடக்கண்ணின் பாவை மிளகு.
வலது வெளிச்சத்துக்குச் சுருங்கியிருந்தது.
இடதுக்கு வெளிச்சம் ஒரு செய்தியே இல்லை.

அப்போதுதான் விளங்கிற்று.
இதை வரைந்தவன், கொழும்பில் எங்கோ ஒரு மேசையில்,
தூரிகையைத் தூக்கியபோது
ஒரு நேரத்தையும் தீர்மானித்திருக்கிறான்.
அன்றிலிருந்து இந்தக் கண்ணில் அந்த நேரம்தான்.
உச்சி வெயிலில் கரையில் நின்று ஏலம் கூறும்போதும்,
லைட்டை நூர்த்துவிட்டுப் படுத்த பிறகும்.
அது எத்தனை மணி?

காத்திருந்தோம்.
பிளேன்ரீ வந்து ஆறியது.
வலைக்கடன் ஒன்றுக்காகப் போனில் யாரையோ ஏசினார்.
திரைச்சீலையை ஒரு சாண் இழுத்தேன்,
மறுகா அரைச் சாண் விட்டேன்.
கடுகு ஊறிக்கொண்டிருந்தது,
கேட்டால் கேட்காது, பார்த்தால் தெரியாது,
அவ்வளவு மெல்ல.

நாலு இருபது.
மிளகும் மிளகும்.

"அசையாதீங்க. கண்ணைத் திருப்ப வேணாம்,
முகத்தைத் திருப்புங்க."
இடக்கண் பார்ப்பதுதான் திசை.
வலக்கண் அங்கே போய்ச் சேரவேண்டும்,
நானும்.
மண்டியிட்டு ஓரடி இடப்பக்கம் நகர்ந்து,
இன்னும் நாலு விரல் தணிந்து,
அந்தப் பார்வை விழும் இடத்தைத் தேடிக்
கமராவோடு போய் உட்கார்ந்தேன்.
சொல்லப்போனால் போஸ் கொடுத்தது நான்.

இரவு, கணினியில்.
கண்ணுக்கொரு ஜன்னல்,
ஜன்னலோரம் மண்டியிட்ட ஒருத்தி.
வலக்கண்ணில் நான் ஈரத்தில் சற்று நெளிந்திருந்தேன்.
இடக்கண்ணில் தெளிவு,
கமராவின் தோள்வார் கூடத் தெரிந்தது.
திருத்துவதற்கென்று திறந்ததை
அப்படியே மூடினேன்.

பாக்கி எழுநூறைச் சங்கத்துக்கு வந்து எடுக்கச் சொன்னார்.
போனேன். காலை பத்து மணி,
கதவு வழியே மேசை முழுக்க வெயில்.
வில்வராணி கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்
நிமிர்ந்து பார்த்தார்,
கடுகும் மிளகுமாக.

மேலே, பன்னிரண்டாவது சட்டகத்தில்,
நாலு இருபது.